மூச்சுக்குத் துணை நிற்கும் சிலிண்டர்
ஒட்சிசன் சிலிண்டரை வீட்டிலும் தற்காலிக இருப்பிடத்திலும் பாதுகாப்பாகக் கையாளும் முறைகள்

வீட்டை விட்டு வெளியேறும் குடும்பம் எதை எதைக் கையில் எடுத்துக்கொள்ளும் என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அடையாள அட்டை, காணி உறுதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மாற்று உடுப்பு, முடிந்தால் விதைநெல்லில் ஒரு மூட்டை. அண்மைக் காலமாகச் சில குடும்பங்களில் இந்தப் பட்டியலோடு இன்னொரு பொருளும் சேர்ந்திருக்கிறது. மூச்சு வாங்கும் முதியவருக்காக வீட்டு மூலையில் நிற்கும் ஒட்சிசன் சிலிண்டர்தான் அது.

2025 நவம்பர் இறுதியில் திட்வா புயலுடன் வந்த பெருமழை மலையகத்தை உலுக்கியதை நாம் அறிவோம். மகாவலி கரை கடந்து கம்பளை, பேராதனை முதலிய ஆற்றோரப் பகுதிகளை மூழ்கடித்தது. கண்டி மாவட்டத்தின் பல கிராமங்களில் மண்சரிவு வீடுகளையும் தோட்டங்களையும் கொண்டுபோனது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதைகள் துண்டிக்கப்பட்டன, பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் நாட்கணக்கில் நின்றுபோயின. இத்தகைய நாட்களில், பேராதனைக்கும் கம்பளைக்கும் நடுவே இருக்கும் கெலிஓயா போன்ற ஊரில், இயந்திரத்தையோ சிலிண்டரையோ நம்பி மூச்சு விடும் ஒருவர் இருக்கும் வீட்டின் நிலை என்ன? சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? பள்ளிக்கூட மண்டபத்தில் பத்துக் குடும்பங்களுக்கு நடுவே அதை எங்கே நிறுத்துவது? பக்கத்தில் ஒருவர் அடுப்பு மூட்டினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கான விடைகளை அமைதியான நாளிலேயே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதற்காகவே இந்தக் கட்டுரை.

வீட்டுக்குள் சிலிண்டர் வந்த கதை

முன்பெல்லாம் ஒட்சிசன் சிலிண்டர் என்றால் வைத்தியசாலைக் கட்டிலின் அருகில்தான் பார்ப்போம். 2021இல் கொவிட் தொற்றின் டெல்டா அலை பரவியபோது நிலைமை மாறியது. நாட்டில் செய்யப்பட்ட ஒட்சிசன் போதாமல், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் இந்தியாவிலிருந்து கப்பல்களில் திரவ ஒட்சிசன் கொண்டுவர வேண்டி வந்தது. இந்தியக் கடற்படையின் சக்தி என்ற கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன்னும், அதே பெயருடைய இலங்கைக் கடற்படைக் கப்பல் சென்னையிலிருந்து 40 தொன்னும் கொண்டுவந்தன. அந்த நாட்களில் சிலிண்டரையும், காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரித்துத் தரும் இயந்திரத்தையும் வாடகைக்கு எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டவர்கள் பலர். தொற்று தணிந்த பின்பும் இந்தப் பழக்கம் முற்றாக நிற்கவில்லை.

நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் உள்ளவர்கள், காசநோய் குணமாகியும் நுரையீரலில் வடு தங்கியவர்கள், இதயம் தளர்ந்தவர்கள் ஆகியோருக்கு வைத்தியர் வீட்டிலேயே ஒட்சிசன் எடுக்கும்படி சொல்வதுண்டு. எமது கிராமங்களிலும் தோட்டத்து லயன்களிலும் இந்நோயாளிகள் அரிதானவர்கள் அல்லர். புகைபோக்கி இல்லாத குசினியில் முப்பது நாற்பது ஆண்டுகள் விறகடுப்பு ஊதிய தாய்மாரும், பீடி சுருட்டை விடாத தகப்பன்மாரும் இவர்களில் பலர். அதே விறகடுப்பும் அதே பீடியும் சிலிண்டர் நிற்கும் அறைக்குள்ளேயே தொடர்ந்து இருப்பதுதான் நாம் இங்கே பேசவேண்டிய முக்கிய ஆபத்து.

சிலிண்டருக்குள் என்ன இருக்கிறது?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 21 பங்கு, ஒட்சிசன். மீதி பெரும்பாலும் நைதரசன். தொழிற்சாலையில் காற்றைக் கடுங்குளிராக்கித் திரவமாக்கி, அதிலிருந்து ஒட்சிசனைத் தனியே பிரிக்கிறார்கள். அது திரவமாவது பூச்சியத்துக்குக் கீழே 183 பாகை செல்சியசில். பெரிய வைத்தியசாலைகளின் முற்றத்தில் நிற்கும் வெள்ளைத் தாங்கிகளில் இந்தத் திரவமே இருக்கிறது. வீட்டுக்கு வரும் சிலிண்டரில் இருப்பது வாயு. அதை இறுக்கி அடைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு இறுக்கம்? நிரம்பிய சிலிண்டரில் வழக்கமாக 150 பார் அளவு அழுத்தம் இருக்கும். ஒரு காரின் டயரில் இருப்பது ஏறக்குறைய 2 பார். டயர் வெடித்தால் என்ன நடக்கும் என்பதைக் கண்டிருக்கிறோம். அதைப்போல எழுபத்தைந்து மடங்கு அழுத்தத்தை இந்த இரும்புப் போத்தல் தாங்கி நிற்கிறது. அது விழுந்து கழுத்திலுள்ள வால்வு உடைந்துவிட்டால், உள்ளிருக்கும் வாயு ஒரே வாயிலால் பீறிட, சிலிண்டர் வாணம்போலப் பாய்ந்து சுவரையும் துளைக்கும். பெரிய சிலிண்டர் வெறுமையாகவே 60 கிலோவுக்கு மேல் நிறையுடையது. ஆகவே முதலாவது விதி, விழாமல் பார்த்துக்கொள்வது.

ஒட்சிசன் எரிவதில்லை, எரிய வைக்கும்

சமையல் எரிவாயுச் சிலிண்டரைக் கண்டு எமது மக்கள் பயப்படுவார்கள். 2021இன் இறுதியில் நாட்டின் பல பகுதிகளில் வீடுகளில் நடந்த எரிவாயு வெடிப்புகள் அந்தப் பயத்தைக் கூட்டின. ஒட்சிசனோ மணமற்றது, நிறமற்றது, தானாக எரியாதது. "இது நல்ல காற்றுத்தானே" என்று எண்ணி அலட்சியமாக இருந்துவிடுகிறோம்.

ஒட்சிசன் தான் எரியாவிட்டாலும் மற்றவற்றை எரியச் செய்கிறது. அறைக் காற்றில் அதன் பங்கு 21இலிருந்து 24க்கு மேல் போனாலே தீ பற்றுவது எளிதாகி, பரவும் வேகமும் கூடிவிடும். வழக்கமாகப் புகைந்து அணையும் பஞ்சு சுவாலைவிட்டு எரியும். போர்வை, தலையணை, நைலோன் உடுப்பு, தலைமுடி எல்லாம் நொடியில் பற்றும். மூக்குக் குழாயைக் கழற்றாமல் கட்டிலில் போட்டுவிட்டால், வாயு போர்வையின் மடிப்புகளில் தேங்கி நிற்கும். உடுப்பிலும் அப்படியே. ஆகவே ஒட்சிசனை நிறுத்திய உடனே அடுப்பருகே போகக்கூடாது. குறைந்தது 15 நிமிடமாவது திறந்த வெளியில் காற்றாட இருந்துவிட்டுத்தான் தீயை அணுக வேண்டும்.

இந்த ஆபத்து வைத்தியசாலைகளையும் விட்டுவைத்ததில்லை. 2021 ஏப்ரல் 24ஆம் திகதி இரவு ஈராக்கின் பக்தாத் நகரில், கொவிட் நோயாளிகள் இருந்த இப்னு அல்-கதீப் வைத்தியசாலையில் ஒட்சிசன் சிலிண்டர் வெடித்துத் தீ பரவியதில் 82 பேர் மாண்டனர். நோயாளிகளும் அவர்களைப் பார்க்க வந்த உறவினர்களும் அவர்களில் அடங்குவர்.

எண்ணெய் என்னும் மறைந்த எதிரி

தீயைக் கண்ணால் காணலாம். எண்ணெயை நாம் ஆபத்தாக எண்ணுவதே இல்லை. அழுத்தத்துடன் வரும் ஒட்சிசன் எண்ணெய், கிரீஸ் போன்றவற்றின் மேல் பட்டால் நெருப்புக் குச்சி இல்லாமலேயே தீ மூளலாம். வால்வைச் சட்டென்று திறக்கும்போது வாயு ஓர் ஒடுங்கிய இடத்தில் திடீரென இறுக்கப்பட்டுக் கடுமையாகச் சூடேறுகிறது. அந்த இடத்தில் ஒரு துளி எண்ணெய் இருந்தாலும் போதும்.

தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்துவிட்டு அதே கையால் வால்வைத் திருப்பக் கூடாது. உழவு இயந்திரத்தையோ நீர்ப் பம்பியையோ பழுது பார்த்த கிரீஸ் கையுடன் சிலிண்டரைத் தொடக் கூடாது. திருகு இறுக்கமாக இருக்கிறதென்று எண்ணெய் விடவே கூடாது. நோயாளியின் மூக்கு வறண்டால் வாசலினோ எண்ணெய்த் தைலமோ பூசாமல், நீரில் கரையும் களிம்பை வைத்தியரிடம் கேட்டு வாங்குங்கள். கிருமி நீக்கும் மதுசாரத் திரவத்தைக் கையில் பூசியிருந்தால் அது நன்றாக உலர்ந்த பிறகே சிலிண்டரைத் தொடுங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவி, சுத்தமான துணியால் துடைத்த கையே எல்லாவற்றிலும் நல்லது.

ஓரறை வீட்டில் எங்கே வைப்பது?

தனி அறை, அகன்ற யன்னல் என்றெல்லாம் புத்தகத்தில் எழுதியிருக்கும். உறவினர் வீட்டு விறாந்தையிலோ, மண்டபத்தில் சேலை கட்டிப் பிரித்த மறைப்பிலோ இருக்கும் குடும்பத்திடம் அதைச் சொல்லிப் பயனில்லை. இருக்கும் இடத்தில் செய்யக்கூடியவற்றைச் சொல்கிறோம்.

காற்றோட்டமுள்ள யன்னல் ஓரத்தையோ கதவோரத்தையோ நோயாளிக்கு ஒதுக்குங்கள். சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, மேற்பாதியில் சங்கிலியாலோ உறுதியான கயிற்றாலோ தூணுடன் அல்லது யன்னல் கம்பியுடன் கட்டுங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் வழியில் அது இருக்கக் கூடாது. கட்ட வசதியில்லாத சிறிய சிலிண்டரைப் படுக்க வைத்து, இரு பக்கமும் கல்லோ கட்டையோ வைத்து உருளாமல் தடுக்கலாம். அலுமாரிக்குள்ளோ கட்டிலின் கீழே துணிமணிகளுக்கு நடுவிலோ வைப்பது தவறு. கசியும் வாயு அங்கே தேங்கும். நேர் வெயிலும் கூடாது. சிலிண்டரின் சூடு 50 பாகை செல்சியசைத் தாண்டவிடக் கூடாது. தகரக் கொட்டிலில் இருப்பவர்கள் இதில் மிகுந்த கவனம் எடுக்க வேண்டும்.

திறந்த சுவாலை எதுவும் 3 மீற்றருக்குள், அதாவது 10 அடிக்குள், இருக்கக் கூடாது. விறகடுப்பு, காஸ் அடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, மெழுகுதிரி, ஊதுபத்தி, கற்பூரம், நுளம்புச் சுருள் எல்லாம் இதில் அடங்கும். மின்சாரம் நின்றால் மெழுகுதிரியைத் தேடுவது எமது பழக்கம். சிலிண்டர் உள்ள வீட்டில் டோர்ச் லைற்றே விளக்கு. நிலத்தில் வெண்கட்டியால் 10 அடிக்கு ஒரு கோடு கீறிவிட்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். "ஒட்சிசன் உண்டு, தீ வேண்டாம்" என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். கெலிஓயாப் பக்கத்தில் ஒரே மண்டபத்தில் இரு மொழிக் குடும்பங்களும் தங்குவதுண்டு. ஒரு மொழியில் மட்டும் எழுதிய எச்சரிக்கை பாதிப் பேருக்குத்தான் பயன்படும்.

மண்டபத்தில் தங்கியிருப்பவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். நிலையப் பொறுப்பாளரிடமும் கிராம உத்தியோகத்தரிடமும் உங்களிடம் சிலிண்டர் இருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இடம் தரமாட்டார்களோ என்ற பயத்தில் துணியால் மூடி மறைத்து வைப்பவர்கள் இருக்கக்கூடும். மறைத்து வைத்த சிலிண்டரின் அருகேதான் விவரம் அறியாத ஒருவர் தேநீர் போட அடுப்பு மூட்டுவார்.

திறப்பதும் மூடுவதும்

சிலிண்டர் வந்தவுடன் அதன் சீட்டை வாசியுங்கள். பிரித்தானிய வழக்கைப் பின்பற்றும் நாடுகளில் மருத்துவ ஒட்சிசன் சிலிண்டருக்குக் கறுப்பு உடலும் வெள்ளைத் தோளும் நெடுங்கால அடையாளம். முழு வெள்ளை நிறத்திலும் இப்போது வருகின்றன. நிறத்தை மட்டும் நம்பாமல் எழுத்தைப் பாருங்கள்.

அழுத்தச் சீராக்கியான றெகுலேற்றரைப் பூட்டுமுன் வால்வின் வாயில் தூசு, எண்ணெய் இல்லையென்று உறுதி செய்யுங்கள். பூட்டிய பிறகு, வால்வு வாய்க்கு நேரே முகத்தை வைக்காமல் ஒரு பக்கமாக நின்று, மெதுவாக, மிக மெதுவாகத் திறவுங்கள். அழுத்தமானியின் முள் எழுந்த பின்னரே, வைத்தியர் சொன்ன அளவுக்குப் பாய்ச்சலைச் சரிசெய்ய வேண்டும். இணைப்புப் பொருந்தவில்லை என்றால் அது வேறு வாயுவுக்கானதாக இருக்கலாம். சுத்தியலால் தட்டியோ ஊசிமுனைகளை அராவியோ பொருத்த முயலக் கூடாது. வெவ்வேறு வாயுக்கள் தவறி மாறிவிடாதபடி வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

"உஸ்" என்ற சத்தம் கேட்டால் வால்வை மூடி, யன்னல்களைத் திறந்து, வாடகைக்குத் தந்தவர்களை அழையுங்கள். நெருப்புக் குச்சியால் கசிவு பார்ப்பது மரணத்தை அழைப்பது போன்றது. பயன்படுத்தி முடிந்ததும், சாப்பாட்டு நேரமானாலும் சரி, வால்வை மூடிவிடுங்கள். வெறுமையான சிலிண்டரையும் மூடியே வைக்க வேண்டும். திறந்து வைத்தால் ஈரமும் அழுக்கும் உள்ளே போகும். "நிறைந்தது", "முடிந்தது" என்று சீட்டுக் கட்டிப் பிரித்து வையுங்கள். இரவில் அவசரத்தில் வெறுமையானதைப் பூட்டிவிடும் தவறு இதனால் நேராது.

ஈரமாக்கும் போத்தல் இருந்தால், கொதிக்க வைத்து ஆறிய நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ குறியிட்ட அளவுக்கு ஊற்றி, நாள்தோறும் மாற்றுங்கள். பழைய நீரில் கிருமி வளரும்.

இன்னும் எத்தனை மணித்தியாலம்?

சிலிண்டர் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. அது கடினமானதல்ல. சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை அழுத்தமானி காட்டும் பாரினால் பெருக்கினால், உள்ளிருக்கும் ஒட்சிசன் எத்தனை லீற்றர் என்பது வரும். அதை நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் விடுகிறீர்களோ அதனால் பிரித்தால் நிமிடக் கணக்கு வரும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சிலிண்டர் 10 லீற்றர். முள் 150இல் நிற்கிறது. பத்தை 150ஆல் பெருக்கினால் 1500 லீற்றர். நோயாளிக்கு நிமிடத்துக்கு 2 லீற்றர். அப்படியானால் 750 நிமிடம், அதாவது பன்னிரண்டரை மணித்தியாலம். முள் 60க்கு இறங்கிவிட்டால் 600 லீற்றர் மீதி. 300 நிமிடம், அதாவது 5 மணித்தியாலம். கையில் தூக்கிச் செல்லும் 2 லீற்றர்ச் சிலிண்டர் நிறைந்திருந்தாலும் அதே பாய்ச்சலில் இரண்டரை மணித்தியாலந்தான். 47 லீற்றர்ப் பெரிய சிலிண்டர் ஏறக்குறைய 59 மணித்தியாலம் தரும். மானி பார் அளவில் இல்லாமல் பீ.எஸ்.ஐ. அளவில் இருந்தால், அந்த எண்ணை 15ஆல் பிரித்துப் பாரின் அளவைத் தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

கடைசித் துளி வரை கணக்கில் சேர்க்காதீர்கள். கணக்கில் வந்த நேரத்தில் நான்கில் ஒரு பங்கை ஒதுக்கிவிட்டு மீதியையே நம்புங்கள். கெலிஓயாவிலிருந்து பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கம்பளை வைத்தியசாலைக்கோ வழக்கமாகக் கொஞ்ச நேரத்தில் போய்விடலாம். பாதையில் மண் சரிந்து கிடக்கும் நாளில் அந்தக் கணக்குச் செல்லாது.

இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. காற்றிலிருந்து ஒட்சிசனைப் பிரிக்கும் இயந்திரத்துக்குச் சிலிண்டர் மாற்றும் வேலை இல்லை. ஆனால் மின்சாரம் நின்ற கணமே அதுவும் நின்றுவிடும். பெரும்பாலான வீட்டு இயந்திரங்கள் 350 வாட் அளவில் எடுப்பவை. நாள் முழுவதும் ஓடினால் 8 அலகுக்கு மேல் போகும். அதை வைத்திருப்பவர்கள் மின்தடைக்கெனச் சிறிய சிலிண்டர் ஒன்றையாவது நிரப்பிக் கைவசம் வைத்திருக்க வேண்டும். ஜெனரேற்றர் போடுவதானால் வீட்டுக்கு வெளியே, யன்னலுக்கு எட்டத்தில் வையுங்கள். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு சத்தமின்றிக் கொல்லும்.

அதிகம் கொடுத்தால் அதிக நன்மையா?

இல்லை. ஒட்சிசன் ஒரு மருந்து. மருந்துக்கு அளவு உண்டு. நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாளிகள் சிலருக்கு ஒட்சிசனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் உடலில் காபனீரொட்சைட்டு தேங்கி, தூக்க மயக்கம் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அவர்களுக்கு விரலில் மாட்டும் கருவி 88இலிருந்து 92 வரை காட்டினாலே போதும் என்பது வைத்தியர்கள் பின்பற்றும் அளவு. மற்றவர்களுக்கு அளவு வேறு. "அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கிறது, கொஞ்சம் கூட்டிவிடுவோம்" என்று பாசத்தில் திருகைத் திருப்பாமல் வைத்தியரிடம் கேளுங்கள். விரல் குளிர்ந்திருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் கருவி பிழையாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விவசாயக் குடும்பங்கள் அறியவேண்டிய இன்னொரு செய்தி இது. பரகுவாட் என்ற களைநாசினி, எமது மக்கள் கிரமொக்சோன் என்று அழைத்தது, உடலுக்குள் போனவருக்கு ஒட்சிசன் கொடுப்பது நுரையீரல் சேதத்தை இன்னும் கூட்டும். 2008 முதல் 2011 வரை படிப்படியாக இலங்கையில் அது தடை செய்யப்பட்டது. பழைய போத்தல்கள் எங்காவது கொட்டிலில் கிடக்கலாம். எந்த நஞ்சு என்றாலும் வீட்டுச் சிலிண்டரைத் தாமாக மாட்டிவிடாமல், போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

ஏற்றி இறக்கும்போது

சிலிண்டரை வால்வைப் பிடித்துத் தூக்காதீர்கள். நிலத்தில் உருட்டி விடாதீர்கள். பெரியதை இருவர் சேர்ந்து அல்லது தள்ளுவண்டியில் கட்டி நகர்த்துங்கள். ஏற்றுமுன் வால்வை மூடி, றெகுலேற்றரைக் கழற்றி, பாதுகாப்பு மூடி இருந்தால் போடுங்கள். முச்சக்கர வண்டியில் கொண்டுபோவதானால் அசையாமல் கட்டி, பக்கத் திரைகளைத் திறந்துவிடுங்கள். சாரதி உட்பட யாரும் புகைக்கக் கூடாது. சமையல் எரிவாயு, பெற்றோல் கலன் எதையும் அதே வண்டியில் ஏற்றக் கூடாது. நோயாளி வழியில் ஒட்சிசன் எடுக்க வேண்டிய நிலையில் இருந்தால் 1990 என்ற எண்ணில் சுவசெரிய இலவச அம்புலன்சை அழைப்பதே சிறந்தது. எந்நேரத்திலும் எழுந்து போகவேண்டி வரலாம் என்ற மழைக்காலத்தில், நோயாளியின் வைத்தியக் குறிப்பு, பாய்ச்சல் அளவு, மூக்குக் குழாய், சிலிண்டரின் திறப்பு ஆகியவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே தொங்கவிடுங்கள். திறப்பு இல்லாத சிலிண்டர் வெறும் இரும்புதான்.

வைத்தியசாலையில் உறவினராக நிற்கும்போது

வைத்தியசாலையிலும் நோயாளியின் பக்கத்தில் நிற்பவர் கண்ணைத் திறந்து வைத்திருக்க வேண்டும். 2011இல் தமிழ்நாட்டின் நாகர்கோவில், ஆசாரிப்பள்ளம் அரச மருத்துவமனையில் சத்திர சிகிச்சைக்கு வந்த ஒரு தாய்க்கு ஒட்சிசனுக்குப் பதிலாக நைதரசு ஒட்சைட்டு என்ற மயக்கவாயு செலுத்தப்பட்டது. அவர் நினைவு திரும்பாமலே அடுத்த ஆண்டு இறந்தார். இழப்பீடு வழங்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில், நோயாளிக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் ஒட்சிசன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். அங்குள்ள காந்தம் இரும்புச் சிலிண்டரையும் அவரையும் சேர்த்து இழுத்ததில் அவர் உயிரிழந்தார். ஆகவே "இதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள்" என்று எவர் சொன்னாலும், அது எந்த அறை என்று கேட்டுவிட்டுக் காலெடுத்து வையுங்கள். கேட்பது அவமரியாதை ஆகாது.

2021 ஏப்ரல் 21ஆம் திகதி மகாராஷ்டிராவின் நாசிக் நகரில் வைத்தியசாலைத் தாங்கியிலிருந்து ஒட்சிசன் கசிந்து, நோயாளிகளுக்குப் போகும் அழுத்தம் குறைந்ததில் 22 பேர் மாண்டனர். பெரிய தாங்கியை நம்பியிருக்கும் இடத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்த சிலிண்டர்கள் இருக்க வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

கிணற்றிலும் பட்டறையிலும்

சுவாசிப்பதற்குத் தந்த ஒட்சிசனை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. உடுப்பிலுள்ள தூசு தட்டவோ, டயருக்குக் காற்றடிக்கவோ, மருந்தடிக்கும் தாங்கியின் அடைப்பை ஊதித் தள்ளவோ பயன்படுத்தினால் தீயும் வெடிப்பும் நேரும். கிணறு துப்புரவு செய்ய இறங்குமுன் உள்ளே ஒட்சிசனை விட்டால் காற்றுச் சுத்தமாகும் என்று நினைப்பதும் பெருந்தவறு. ஒடுங்கிய இடத்தில் ஒட்சிசன் கூடினால் ஒரு தீப்பொறி போதும், உள்ளே நிற்பவரின் உடுப்பு முழுவதும் எரிய. கிணற்றுக்குள் நீர்ப் பம்பி ஓடியிருந்தால் நச்சுப்புகை தேங்கியிருக்கும். அங்கே மயங்கியவரைக் காப்பாற்றக் கயிறின்றிக் குதித்து, இரண்டாவது உயிரும் போன சம்பவங்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். வெல்டிங் பட்டறைக்கென நிரப்பிய சிலிண்டரை நோயாளிக்கு மாட்டுவதும் தவறு. அதன் சுத்தத்துக்கு மருத்துவ உத்தரவாதம் இல்லை.

தீ பிடித்துவிட்டால்

முடிந்தால் வால்வை மூடி, குழாயைக் கழற்றி எறிந்து, நோயாளியை வெளியே கொண்டுவாருங்கள். எரியும் உடுப்பை நீரூற்றி அணையுங்கள். சுவாலை சிலிண்டரை எட்டிவிட்டால் அதை மீட்க முயலாதீர்கள். எல்லோரையும் தூர விலக்கி, 110க்கு அழைத்து, "உள்ளே ஒட்சிசன் சிலிண்டர் இருக்கிறது" என்பதை முதலில் சொல்லுங்கள். தீயில் சூடான சிலிண்டர் நெருப்பு அணைந்த பின்பும் வெடிக்கக்கூடும்.

வெட்டியெடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்

1. சிலிண்டரை நிமிர்த்திக் கட்டி வைப்போம்.
2. 10 அடிக்குள் தீ இல்லை, பீடி இல்லை, மெழுகுதிரி இல்லை.
3. எண்ணெய்க் கையால் தொடமாட்டோம்.
4. வால்வை மெதுவாகத் திறப்போம், தேவையில்லாதபோது மூடுவோம்.
5. மீதி நேரத்தைக் காலையும் மாலையும் கணக்கிட்டு எழுதுவோம்.
6. வைத்தியர் சொன்ன அளவை மாற்றமாட்டோம்.
7. அயலவருக்கும் பொறுப்பாளருக்கும் சொல்லிவைப்போம்.

இந்த ஏழிலும் காசு செலவாகும் காரியம் ஒன்றும் இல்லை. ஒரு முழக் கயிறு, ஒரு துண்டு வெண்கட்டி, ஒரு தாள், கொஞ்சம் சவர்க்காரம், இவை எந்த முகாமிலும் கிடைப்பவை. நிலத்தையும் வீட்டையும் இழந்து வந்தவர்கள் கண்ணயர்ந்த ஓர் இரவில் இன்னொரு உயிரையும் இழக்கக் கூடாது. ஆகவே இந்தப் பக்கத்தைப் படித்தவர்கள், படிக்கத் தெரியாத தாய் தகப்பனுக்கும் பக்கத்து மறைப்பில் இருப்பவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் சிலிண்டர் இருக்கிறதென்றால் இன்று மாலையே அதன் முள் எங்கே நிற்கிறதென்று பார்த்து, மணித்தியாலக் கணக்கைப் போட்டு, கட்டிய கயிற்றையும் ஒருமுறை இழுத்துப் பாருங்கள்.